ஆழம் பதினொரு சென்ரிமீற்றர்

தொகிவா சென் தன்னைத் தவளையாகக் கீறுவார்.
ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும்
கழுத்தில் துவாய் சுற்றிய தவளை ஒன்று
இடுப்பு நோகுது, மழை விடேல்லை,
வாசித்ததற்கு நன்றி என்று சொல்லும்.
அதற்கு நாலு பக்கம் முன்னால்தான்
ஒரு கிணற்றடியில் நாற்பது பேரைச் சாகவிட்டிருப்பார்.

நான் அவரை வாசிப்பது பத்தே முக்காலுக்கு,
அம்பகாமத்துக் காட்டில், தேத்தண்ணி இடைவேளையில்,
முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
கண்ணாடி வெடித்த போனில்.
யாரோ ஸ்கான் பண்ணி
யாரோ அரைகுறை ஆங்கிலத்தில் மாற்றி
சும்மா விட்ட பக்கங்கள்.
குற்றத்தைப் பற்றிய கதையைக்
களவெடுத்துத்தான் வாசிக்கிறேன்.
இதையும் கணக்கில் வையுங்கள்.

வலமிருந்து இடம். ஒரு கட்டம், அடுத்த கட்டம்.
எழும்பிப் போனால் எனக்கும் அதே வேலை:
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் நடுவே
ஒரு மீற்றர் அகலம்.
வேர் வந்தால் கத்தரி.
கருவி கத்தினால் முழங்கால்.
"பொம்மைப் புத்தகம் பார்க்கிற வயசே உனக்கு?"
என்பாள் வினோதரூபி.
அவளுக்கு மூன்று பிள்ளைகள், இடக்கையில் மூன்று விரல்.

கதை இதுதான்.
ஒருவன் நஞ்சு காய்ச்சினவன், ஊர்க்கிணறுகளில் போட்டவன்.
யாருக்காகப் போட்டானோ அந்தப் பக்கம் தோற்றதும்
பெயர் மாற்றி, மலைக்கு அப்பால் வைத்தியனாகிறான்.
கைராசிக்காரன். காசு வாங்கமாட்டான்.
பதினோராம் தொகுதியில்
காய்ச்சலோடு வரிசையில் வருகிறாள் ஒரு பெட்டை,
அந்தக் கிணற்று ஊரில் தப்பின ஒரே ஆள்.
நாடி பிடிக்கிறான். மருந்து கொடுக்கிறான்.
உங்களைக் கும்பிடவேணும் என்கிறாள்.
அடுத்த கட்டத்தில் அவன் வாய் திறந்திருக்கிறது.
பேச்சுக்குமிழி இருக்கிறது.
உள்ளே ஒன்றும் இல்லை.

அதோடு நிறுத்தினார். மூன்று வருஷம்.

எனக்கு அவரோடு வழக்கு இருக்கிறது.
அவனுக்கு ஏன் ஐயா அவ்வளவு வடிவான கண்?
அந்த நாற்பது பேருக்கும் ஏன் ஒரே முகம்?
நஞ்சு தண்ணியில் விரிகிறதை
ஏன் அல்லிப்பூ மாதிரிக் கீறினீர்?
நான் அந்தப் பக்கத்தை இரண்டு விரலால் பெருப்பித்து
என்ன வடிவு என்று வாய்விட்டே சொல்லிப்போட்டேன்.
அது என் பிழையோ, உம்முடைய கையின் பிழையோ?

புதன்கிழமை ஒன்று வந்தது.
வைத்தபடி, சாயாமல், பச்சை மங்காமல்.
பக்கத்து வீரைத் தடியில் ஒரு நைலோன் முடிச்சு:
இரண்டு சுற்று, உள்ளுக்கால் எடுத்து, திருப்பி ஒரு இறுக்கு.
எங்கள் கிணற்று வாளி அப்படித்தான் கட்டியிருக்கு.
ஆடு கட்டுவதும் அப்படித்தான்.
வன்னியில் ஆயிரம் பேர் அப்படிக் கட்டுவார்கள்.
ஆயிரம் பேர் கட்டுவார்கள் என்று
அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் யார் புதைத்தது என்று பெட்டி இல்லை.
வகை, திசை, ஆழம்.
பதினொரு சென்ரிமீற்றர் என்று எழுதினேன்.
நாலு மணிக்கு வெடிக்கவைத்தார்கள்.
குரங்குகள் கொஞ்ச நேரம் கத்தின.

விசுவமடுவில் அண்ணா மா அரைக்கிற மில் வைத்திருக்கிறான்.
ஏலாத சனத்திடம் காசு வாங்கமாட்டான்.
பத்து வருஷமாய் என் வேலையைப் பற்றி
ஒரு நாளும் கேட்டதில்லை.
அன்றிரவு கேட்டான்.
"இண்டைக்கு எவடம்?"
"அம்பகாமம். குளத்துக்குப் பின்பக்கம்."
மா படிந்த புருவம் அசையவில்லை.
என் கோப்பையில் இன்னுமொரு அகப்பை குழம்பு ஊற்றினான்,
போதும் என்று நான் சொன்ன பிறகும்.

படுக்கையில் போனைத் திறந்தால் தவளை.
மணிக்கட்டில் பன்டேஜ்.
அடுத்த அத்தியாயம் தை மாசத்துக்குத் தள்ளிப் போகுதாம்.
மன்னிக்கச் சொல்லிக் குனிந்து நிற்குது.

அவசரம் இல்லை, தொகிவா.
அந்தக் குமிழிக்குள் நீர் என்ன எழுதவேணும் என்று
போன கிழமை வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது.